உளுந்து போட்ட ஒன்பது பேர்

என் அன்பான நங்கைக்கு,

மதுக்கரை வீட்டின் பின்பக்கத்துப் போர்ஷனிலிருந்து சுமதி எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகிறது. கேட்டால் "செத்தவகிட்ட இதென்ன கேள்வி அம்மணி" என்று சிரிப்பீர்கள். அண்ணன் மனைவியை எங்கள் வீட்டில் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிறவர்களுக்காக அதைச் சொல்லிவிட்டேன். இனி நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வோம்.

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் போன பிறகு உங்களைச் சந்தேகப்பட்டேன். உயிரோடு இருந்தபோதும் பட்டிருக்கிறேன், அது உங்களுக்கே தெரியும். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டேன். சிலிண்டர் வந்தால் முத்திரையைத் தடவிப் பார்ப்பேன். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிரித்தால் பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். "இவ பொறந்தப்பவே நர்சோட கையப் புடிச்சு, நீ நர்சுதானான்னு கேட்டிருப்பா" என்று அண்ணனிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது கோபம் வந்தது. இப்போது அதை யார் சொல்லுவார்கள்?

ஆனால் செத்தவரைச் சந்தேகப்படுவது வேறு மாதிரி இருக்கிறது. எதிரில் ஆள் இல்லை. மறுத்துப் பேசக் குரல் இல்லை. சந்தேகம் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகிறது.

என் வேலை அப்படி. ஆன்லைன் கோர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பரீட்சை அமைப்பது. காந்திபுரத்தில் துணிக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ் இருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கோழிப்பண்ணை வேலையாட்களுக்கு சூப்பர்வைசர் சான்றிதழ் கோர்ஸ் ஆரம்பிக்கிறோம், பாடம் சொல்ல அனுபவசாலி வேண்டும் என்று மேனேஜர் பிரகாஷ் கேட்டபோது, பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்த உங்களை நான்தான் கூட்டிப்போனேன். நீங்கள் பாடம், நான் பரீட்சை. ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிற நங்கையும் நாத்தனாரும் ஒரே கோர்ஸில். அண்ணன்தான் பாவம் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பரீட்சை அமைக்கிற விதம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. கேள்விகள் ஆளுக்கு ஆள் வரிசை மாறி வரும். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்தான். எழுதுகிறவர் முகத்தைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். நான்கு விடைகளில் ஒன்று சரி, மற்ற மூன்றும் சரி மாதிரியே இருக்கும். கடைசியில் ஒரு கேள்வி, 'உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதவும்' என்று. அதுதான் என் பொறி. சொந்த வார்த்தை என்றால் பத்துப் பேருக்குப் பத்து விதமாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி வந்தால் காப்பி.

சாப்பாட்டு மேஜையில் கேள்வித்தாளைப் பரப்பி வைத்து இதை உங்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏனம்மணி, இது பரீட்சையா எலிப்பொறியா?" என்றீர்கள்.

"காப்பி அடிக்கறவங்களப் புடிக்க வேண்டாமுங்களா நங்கை?"

"புடி, வேண்டாங்கல. பண்ணையில கோழி செத்துக் கெடந்தா நான் முதல்ல அதைய அறுத்துப் பாப்பேன். நோவா, வெசமா, எலி கடிச்சுதான்னு தெரிஞ்சுபோட்டுத்தான் யாரையும் திட்டுவேன். நீ அறுக்காமயே திட்டறதுக்கு வழி பண்ணி வெச்சிருக்கற."

எழுத்துக் கேள்வி வேண்டாம், பண்ணை போட்டோவைக் காட்டி இதில் என்ன தப்பு என்று கேள், வாயால் சொல்லட்டும் என்றும் சொன்னீர்கள். வாயால் சொல்கிற பதிலை யார் உட்கார்ந்து கேட்பது, கம்ப்யூட்டர் திருத்தாது என்று நான் தட்டிக்கழித்தேன். அப்புறம் நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். போனை எடுத்து அந்தக் கேள்வித்தாளைப் படம் பிடித்தீர்கள்.

"எதுக்குங்க நங்கை போட்டோ?"

"எழுத்துப் பொடுசா இருக்குது கண்ணு. பெருசு பண்ணிப் படிக்கலாம்னுதான்."

உங்கள் மூக்குக்கண்ணாடி உங்கள் தலைமேல்தான் இருந்தது. நான் பார்த்தேன். மறுநாள் உங்களுக்கு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று வாரம். அப்புறம் அந்தப் போட்டோவை நான் மறந்தேன் என்று சொன்னால் பொய். மறக்கவில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆபீஸ் போனேன். மேஜையில் வேலை குவிந்து கிடந்தது. அந்த வாரம் என்னென்ன செய்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வந்ததையெல்லாம் முடித்து அனுப்பினேன். கோர்ஸ் வெளியாயிற்று. உங்கள் பதினான்கு பாடங்களை ஊரெல்லாம் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. உங்கள் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பரீட்சை நடந்தது. விடைத்தாள்கள் வந்தன. என் பொறியில் எலி விழுந்திருந்தது.

கேள்வி இதுதான்: 'தீவனத்தில் பூஞ்சை பிடிக்கக் காரணம் என்ன?' ஈரம், மழைத்தண்ணீர், ஒழுகல் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். ஒன்பது பேர் மட்டும் உளுந்து என்று எழுதியிருந்தார்கள். 'தீவனத்தில் உளுந்து போட்டால் பூசணம் பிடிக்கும்.' 'கொஞ்சம் உளுந்து போட்டாலும் மூட்டை கெட்டுவிடும்.' உளுந்து! கோழித் தீவனத்தில் உளுந்தை யார் போடுகிறார்கள்? இட்லியா சுடப் போகிறார்கள்? ஒன்பது பேரும் பல்லடத்துக்கு அந்தப்பக்கம் ஒரே பண்ணையில் வேலை செய்கிறவர்கள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உண்மையைச் சொல்கிறேன். காப்பி அடித்தவர்களைப் பிடித்தால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும். கேமராப் பதிவுகளை எடுத்து ஒன்பது பேர் முகத்தையும் பார்த்தேன். ஒருத்தரும் பக்கத்தில் திரும்பவில்லை, உதடு அசையவில்லை, போனைத் தொடவில்லை. வரிசை மாறி வந்த கேள்வி, இரண்டு நிமிட நேரம். அந்த நேரத்தில் ஒருவரைக் கேட்டு ஒருவர் எழுத வழியே இல்லை.

அப்படியானால் கேள்வி முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, கூடிப் பேசி, யாரோ சொன்ன தப்பான விடையை எல்லோரும் மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள். கேள்வி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நான் சொல்லவில்லை.

அந்தப் பண்ணை உங்கள் பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ஒன்பது பேரில் ஸ்டெல்லா என்கிற பெண் உங்களை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவள். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் நின்றபடி ஜெபம் பண்ணிவிட்டுப் போனாள். அன்றைக்கு அது எனக்கு அன்பாகத் தெரிந்தது. இப்போது அந்த ஆரஞ்சுப் பழம்கூட எனக்கு உறுத்தியது.

அண்ணனிடம் போய் உங்கள் போனைக் கேட்டேன்.

"அவ போனு எதுக்கு அம்மணி?"

"வருச திதி வருதுல்லங்கண்ணா. படம் மாட்ட நல்ல போட்டோ எடுக்கணும்."

அண்ணன் பீரோவைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். வாராவாரம் சார்ஜ் போட்டு வைக்கிறாராம். யாரும் கூப்பிடப் போவதில்லை, இருந்தாலும் போடுகிறார். அந்த மனுஷனிடம் பொய் சொல்லி வாங்கிக்கொண்டு என் போர்ஷனுக்கு வந்து கதவைத் தாழ்போட்டேன். பட்டப்பகலில்.

கேள்வித்தாள் படம் இருந்தது. அதை யாருக்கும் நீங்கள் அனுப்பியதாகத் தெரியவில்லை. ஸ்டெல்லாவோடு நடந்த பேச்சைத் திறந்தேன். பண்ணை வேலை பற்றியும், பேர் கொடுத்திருந்த கோர்ஸ் பற்றியும் சின்னச் சின்னச் சந்தேகங்கள் கேட்டிருந்தாள், நீங்கள் குரலில் பதில் அனுப்பியிருந்தீர்கள். அந்தக் குரல் பதிவுகளில் ஒன்றையும் நான் அழுத்தவில்லை. அழுத்தவே விரல் போகவில்லை. கடைசிக்கு முந்தினதாக அவள் எழுதியிருந்தாள்: 'டீச்சர் பரீட்சையில் எந்த மாதிரி கேள்வி வருமுங்க பயமா இருக்குதுங்க.' அதற்குக் கீழே உங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வரி. 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.'

நீங்கள் கேள்வித்தாளைப் படம் பிடித்த அதே நாள். அரை மணி நேரம் கழித்து.

இதற்கு மேல் என்ன வேண்டும் நங்கை? நீங்களே சொல்லுங்கள், என் இடத்தில் யார் இருந்தாலும் என்ன நினைத்திருப்பார்கள்? நான் அழுதேன். உங்களுக்காக அழுதேனா, நான் நினைத்தது சரியாகிவிட்டதே என்று அழுதேனா, தெரியவில்லை.

ஒன்பது பேர் காப்பி என்று பிரகாஷிடம் சொன்னேன், அவர் எனக்கு ஒரு வாரம் கொடுத்தார். "லிஸ்ட் அனுப்பிட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க மேடம். ஒன்பது ரிஜிஸ்ட்ரேஷனும் கேன்சல். பண்ணைக்கு ஒரு லெட்டர் போட்டுருவோம்." அந்த லெட்டர் போனால் அவர்கள் சூப்பர்வைசர் ஆவது இருக்கட்டும், இருக்கிற வேலையிலும் திருட்டுப் பேர் ஒட்டிக்கொள்ளும். லிஸ்டுக்குக் கீழே காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உங்கள் பெயரை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். இரண்டு நாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள், நீங்கள் சொன்ன செத்த கோழி ஞாபகம் வந்தது. அறுத்துப் பார்க்காமல் திட்டக்கூடாது. சிங்காநல்லூரில் மாறிப் பல்லடம் பஸ் ஏறினேன். நல்ல மனசோடு போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டெல்லா வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்றுதான் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே எழுதி வைத்துக்கொண்டேன்.

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கச் சொன்னார்கள். ஸ்டெல்லாவே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மேடம், வாங்க. டீச்சரோட நாத்தனாருங்க தானுங்க நீங்க? ஆஸ்பத்திரியில பாத்தனுங்க. போன மட்டும் சைலண்ட்ல போட்டுக்கங்க. கோழி மெரண்டுச்சுன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் செத்துப்போயிருமுங்க. டீச்சரு மொதப் பாடத்துலயே சொல்லிப்போட்டாங்க, கோழிச் செட்டுக்குள்ள போன் சத்தமே வரக்கூடாதுன்னு."

போட்டேன். உள்ளே பெரிய பெரிய காற்றாடிகள் இரைந்தன. கத்தினால்தான் கேட்கும் போலிருந்தது, ஆனால் அங்கே யாரும் கத்துவதில்லை. காதோடு வந்து பேசுகிறார்கள். நான் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டேன்.

"தீவனத்துல பூசணம் எதனால புடிக்குது ஸ்டெல்லா?"

"உளுந்துங்க மேடம்."

"யார் சொன்னாங்க?"

"டீச்சருதானுங்க."

பஸ்ஸில் எழுதி வைத்த கேள்விகளுக்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று நங்கை. ஆள் அகப்பட்டுவிட்டாள், ஆனால் அகப்பட்டது நீங்கள்.

"எப்பச் சொன்னாங்க? போன்லயா?"

"வீடியோவுலங்க. ஆறாம் பாடத்துல."

"பொய் சொல்லாத ஸ்டெல்லா."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. தன் போனை எடுத்தாள். முட்டை அட்டையை மடித்து அதற்கு ஒரு தாங்கி செய்து சுவர் ஓரம் வைத்திருந்தாள். தண்ணீர்க் குழாய்களைக் கழுவுகிற நேரத்தில், தீவனம் நிரம்புகிற நேரத்தில், ஒன்பது பேரும் அப்படி நிறுத்தி வைத்துத்தான் பாடம் பார்ப்பார்களாம். சத்தம் இல்லாமல். கீழே ஓடுகிற எழுத்தைப் படித்து.

ஆறாம் பாடம் ஓடியது. அந்தப் பச்சைப் புடவையில் நீங்கள் வந்தீர்கள். மாதக்கணக்காக நான் பார்க்கப் பயந்த முகம். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கை மேலே போகிறது, கூரையைக் காட்டுகிறீர்கள் போல, ஆனால் கை திரைக்கு வெளியே போய்விட்டது. கீழே எழுத்து ஓடியது: 'தீவன மூட்டைக்குள் ஒரு சொட்டு உளுந்து போட்டாக்கூட பூசணம் பிடிக்கும்.'

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் அந்த எழுத்தைப் பார்த்தேன்.

"சத்தம் வை."

"இங்க வேண்டாங்க மேடம். கோழி மெரண்டுக்கும். வெளிய வாங்க."

வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்று சத்தம் வைத்தாள். உங்கள் குரல் வந்தது. "மேல தகரத்தைப் பாத்துக்கங்க கண்ணுகளா. தீவன மூட்டைக்குள்ள ஒரு சொட்டு உழுந்துபோட்டாக்கூடப் பூசணம் புடிச்சுக்குமுங்க."

உழுந்துபோட்டா! விழுந்துவிட்டால் என்பதை நம் ஊர் வாயில் சொன்னீர்கள். எழுத்துப் போட்ட கம்ப்யூட்டருக்கு நம் ஊர் வாய் தெரியாது. உழுந்துபோட்டாவை உளுந்தாக்கி, அதைப் போட்டும்விட்டது.

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "அட, உழுந்துங்களா!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"நனஞ்சா பூசணம் புடிக்கும்னு உனக்குத் தெரியாதா ஸ்டெல்லா? இத்தன வருசம் பண்ணையில இருக்கற."

"தெரியாம என்னங்க மேடம். ஆனா எழுத்துல உளுந்துன்னு போட்டிருந்துச்சுங்களே. மாட்டுக்கு உளுந்துத் தோலு, பொட்டுன்னு போடறமுல்லங்க, அதைய யாரோ கோழித் தீவனத்துல கலக்கறாங்க போலன்னு நெனச்சுப்போட்டோம். ஒரு வாரமா நாங்க ஒன்பது பேரும் வர்ற மூட்டையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தோங்க. நாங்க எங்களுக்குத் தெரிஞ்சத எழுதுனா பெயிலாயிருவோங்க. படிச்சவங்க போட்டத எழுதுனாத்தானுங்க மார்க்கு."

நான் அந்தத் தொட்டித் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொன்ன முதல் பாடத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் எழுதக்கூடிய தப்பு அது. போனை அலறவிட்டுப் பாடம் பார்த்தவன் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். பாடத்தைப் பார்க்காமலே எழுதினவனும் செய்திருக்க மாட்டான். அவ்வளவு கவனமாகப் படித்தவர்களுக்குத்தான் நான் திருட்டுப் பட்டம் கட்ட இருந்தேன்.

அப்படியானால் சரியாக எழுதின மற்றவர்களை இனிச் சந்தேகப்படலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. என் புத்தியைப் பாருங்கள்!

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த எழுத்தைச் சரிபார்த்தது யார்? எங்கள் ஆபீஸில் வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் போடுகிற எழுத்தை ஒரு ஆள் முழுக்க உட்கார்ந்து குரலோடு ஒப்பிட்டுப் படித்து, 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். எந்தச் சோம்பேறி இதை அப்படியே விட்டான், அவனை நார் நாராகக் கிழிக்கிறேன் என்று கறுவிக்கொண்டே மாடி ஏறினேன். கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

பதினான்கு பாடங்களுக்கும் பதினான்கு டிக். சரிபார்த்தவர்: சுமதி.

பதினாறாம் நாள் முடிந்த அந்த வாரம். ஒரு பாடத்தைக்கூடத் திறக்காமல், உங்கள் குரல் வந்துவிடுமோ என்று பயந்து, பதினான்கு கட்டத்திலும் டிக் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பரீட்சையில் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்த ஆள் ஒரே ஒருத்தி. அவளை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை.

பிரகாஷிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்திலும் கொடுத்தேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "துக்கத்துல ஒரு டிக்குதானுங்க மேடம், விடுங்க. பேசாம வேற யாரையாச்சும் வெச்சு நல்ல தமிழ்ல டப் பண்ணிரலாங்க. பிரச்சனையே இல்லை."

எனக்கு வந்ததே கோபம். "நங்கை பேசுனது நல்ல தமிழ்தானுங்க. கேக்காதது எங் காது" என்று சொல்லிவிட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று, கீழே துணிக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு நாள். பதினான்கு பாடங்கள், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி, கையால் எழுத்தைத் திருத்தினேன். முதல் பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் திரையே தெரியவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கர்ச்சீப் நனைந்துவிட்டது. அப்புறம் பழகியது. உங்கள் குரல் அப்படியே இருக்கிறது. கீழே எழுத்து மட்டும் 'விழுந்துவிட்டால்' என்று போகிறது. உளுந்து தவிர இன்னும் பதினேழு தப்பு இருந்தது. 'ஊட்டுக்குப் போறப்ப' என்றதைக் கம்ப்யூட்டர் 'ஊட்டிக்குப் போறப்ப' என்று போட்டிருந்தது. கோழிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு எல்லாரையும் ஊட்டிக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

ஒன்பது பேருக்கும் அந்தக் கேள்வியை ரத்து செய்து வேறு வைத்தோம். நீங்கள் சொன்ன மாதிரியே. ஒரு தீவனக் கிடங்கின் போட்டோ, கூரைத் தகரத்தில் ஓட்டை, கீழே மூட்டைகள். இதில் என்ன தப்பு, நீங்கள் என்ன செய்வீர்கள், வாயால் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் திருத்தாது, நான் உட்கார்ந்து கேட்டேன். எட்டுப் பேர் ஓட்டையைச் சொன்னார்கள். ஸ்டெல்லா ஓட்டையைச் சொல்லிவிட்டு, "மூட்டைக்கு அடியில பலகை இல்லீங்க. சுவத்த ஒட்டி வேற அடுக்கியிருக்குதுங்க. ஓட்டைய அடச்சாலும் இது பூசணம் புடிக்குமுங்க" என்றாள். படத்தைத் தேர்ந்தெடுத்த எனக்கே அது தெரியவில்லை. இந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவள் சூப்பர்வைசர். ஒன்பது பேருக்கும் சான்றிதழ் போய்விட்டது.

அண்ணனிடமும் சொன்னேன். போட்டோவுக்காக அல்ல, உங்களை வேவு பார்க்கத்தான் போனை வாங்கினேன் என்று. ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து, "போன குடு, சார்ஜ் போடோணும்" என்றார். அதற்குள் நான் போட்டு வைத்திருந்தேன். பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

இனி ஒன்றுதான் பாக்கி. அந்த அழித்த செய்தி.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "அதுங்களா? நான் பாக்கறதுக்குள்ள அழிச்சுப்போட்டாங்க மேடம். நானே உங்ககிட்டக் கேக்கலாம்னு இருந்தனுங்க" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காந்திபுரத்தில் செல்போன் கடைக்காரர் ஒருவர் அழித்ததையெல்லாம் எடுத்துத் தருகிறாராம். போன சனிக்கிழமை அண்ணனிடம் உண்மையைச் சொல்லியே உங்கள் போனை வாங்கிக்கொண்டு அங்கே போனேன். "ஒரு மணி நேரத்துல எடுத்துரலாங்கக்கா" என்று கையை நீட்டினார்.

கேள்வியைச் சொல்லியிருப்பீர்களா? சொல்லிவிட்டு, நான் நினைவுக்கு வந்து, அழித்திருப்பீர்களா? பயப்படாதே கண்ணு என்று மட்டும் அனுப்பி, எழுத்துப்பிழை பார்த்து அழித்தீர்களா? இல்லை, எலிப்பொறி வைக்கிற என்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு, ஐயோ பாவம் என்று எடுத்துவிட்டீர்களா? கண்ணாடி தலைமேல் இருக்கும்போது எதற்கு நங்கை அந்தப் போட்டோ?

கடைக்காரர் கை நீண்டபடியே இருந்தது. நான் போனைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பையை மடிக்கு மாற்றிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

அதனால் ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இனி என் ஆயுசில் பார்க்காமல் விடுகிற ஒரே விஷயம் அதுதான். உங்கள் போனை இனி எந்தக் கடைக்காரரிடமும் கொடுக்க மாட்டேன், அந்த வரியைத் தோண்ட மாட்டேன். என் பொறியில் யார் விழுந்தாலும் முதலில் அறுத்துப் பார்ப்பேன், அதற்கு அப்புறம்தான் திட்டுவேன். ஆனால் ஒன்று. ஒரு நாள் நானும் அங்கே வருவேன் இல்லையா, வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான். கேமரா கிடையாது, இரண்டு நிமிடக் கணக்கும் கிடையாது. சொந்த வார்த்தையில், உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னாலும் நம்புவேன்.

வாரேனுங்க நங்கை.

உங்கள் சந்தேகக்கார நாத்தனார்,
அம்மணி சுமதி